பெரியக்காள் என்பது பெயர்தான்

என் அம்மாயியின் பெயர் பெரியக்காள். இந்த ஒரு வரியை உறுதியாக எழுத எனக்கு நாற்பது வயது கடக்க வேண்டியிருந்தது.

கோத்தகிரியில் எங்கள் வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி உண்டு. 1973இல் தலைமன்னாரில் கப்பலேறியபோது அம்மாயி தலையில் வைத்துக் கொண்டுவந்தது. அதற்குள் அம்மாவின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், தாத்தாவின் கடவுச்சீட்டு, தாயகம் திரும்பியவர்களுக்குக் கொடுத்த குடும்ப அட்டை, ஒரு பித்தளைச் செம்பு ஆகியவை இருக்கின்றன. காகிதங்களில் அம்மாயிக்கு வேறு பெயர். தோட்டத்துச் செக்ரோலில் பெயர் பதிந்தபோது, “பெரியக்காங்கிறது முறை. பேரு என்ன?” என்று கேட்ட கிராணி, பதில் வருவதற்குள் தனக்குப் பிடித்த ஒரு சாமியின் பெயரை எழுதிவிட்டாராம். அந்தப் பெயரே அதன் பிறகு வந்த எல்லாக் காகிதங்களிலும் ஏறிக்கொண்டது. செம்பின் கழுத்தில் மட்டும் புள்ளி புள்ளியாக ‘பெரியக்காள்’ என்று வெட்டியிருக்கிறது. முன்னால் தலைப்பெழுத்து இல்லை. அப்பா பெயரும் இல்லை, புருஷன் பெயரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கொழுந்து பறித்துச் சேர்த்த கைக்காசில் அம்மாயி வாங்கிய செம்பு அது. எழுத்து தெரியாத அவர், பாத்திரக்கடைக்காரரிடம் மூன்று முறை சொல்லி எழுதி வாங்கினாராம்.

தோட்டத்தில் ஒரு நாள் சம்பளத்துக்குரிய வேலையை ‘ஒரு பேர்’ என்பார்கள். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தினமும் பேர் போட்ட ஒருத்தியின் பெயர், அவருடையதாக இல்லை.

குடும்ப அட்டையில் இன்னொன்றும் இருந்தது. ‘சொந்த ஊர்’ என்ற இடத்தில் திருச்சி மாவட்டத்து ஊர் ஒன்றின் பெயர். அது தாத்தாவின் ஊர். அம்மாயிக்கும் அதுவே சொந்த ஊர் என்று அட்டை சொன்னது. அம்மாயி அந்த ஊரைத் தன் வாழ்நாளில் முதன்முதலாகப் பார்த்ததே 1973இல்தான்.

2023 தை மாதம், 66 வயதான என் அம்மா ஒருநாள் காலையில் சொன்னார்: “எங்கம்மாவோட ஊரப் பாக்கணும். எங்கப்பாவோட ஊரு இல்ல.” இருவரும் கிளம்பினோம்.

*

போவதற்கு முன் நான் நூலகத்தில் கொஞ்சம் படித்தேன். எங்கள் வீட்டுக் கதை எந்தச் சட்டத்தின் வழியாக நடந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

இலங்கை சுதந்திரம் பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே குடியுரிமைச் சட்டம் வந்தது. அங்கே பிறந்திருந்தால் மட்டும் போதாது. தகப்பன் அங்கே பிறந்திருக்க வேண்டும். அல்லது தகப்பனைப் பெற்ற தாத்தாவும் அவரைப் பெற்ற பூட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும். தாய் எங்கே பிறந்தாள் என்று அந்தப் பிரிவு கேட்கவே இல்லை. பிறப்புப் பதிவு அரிதாக இருந்த லயங்களில் பூட்டனின் பிறப்பை எதைக் கொண்டு மெய்ப்பிப்பது? சுமார் ஏழு லட்சம் தோட்டத் தொழிலாளர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். மலையகத் தமிழர் குடியுரிமை இழந்த வரலாற்றைப் பல நூல்கள் சொல்கின்றன. அந்த இழப்பு தகப்பன்வழி என்ற அளவுகோலால் நிகழ்த்தப்பட்டது என்பதை அவற்றில் பல ஒரு வரியில் கடந்துவிடுகின்றன.

1949இல் இன்னொரு சட்டம், விண்ணப்பித்துக் குடியுரிமை பெற வழி திறந்தது. மணமானவர் ஏழு ஆண்டு, மணமாகாதவர் பத்து ஆண்டு தொடர்ந்து வசித்ததைக் காட்ட வேண்டும். கணவனின் விண்ணப்பத்துக்குள் மனைவியும் சிறு பிள்ளைகளும் அடக்கம். பெரும்பாலான விண்ணப்பங்கள் தள்ளுபடியாயின. பிறகு 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம். ஒன்பது லட்சத்து எழுபத்தைந்தாயிரம் பேரை இரண்டு அரசுகளும் பங்கு பிரித்தன: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம். அந்த மீதியை 1974இல் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள்.

இந்த எண்களுக்குள் என் பெரியம்மாவும் இருக்கிறார். அம்மாவின் அக்கா. 1968இல் பக்கத்துத் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டார். அவர் கணவர் வீட்டார் இலங்கைக் குடியுரிமை கேட்டு எழுதியிருந்தார்கள். தாத்தா இந்தியா கேட்டு எழுதியிருந்தார். யாரும் அம்மாயியிடம் கேட்கவில்லை, பெரியம்மாவிடமும் கேட்கவில்லை. தாய் புருஷனோடு ஒரு நாட்டுக்கு, மகள் புருஷனோடு இன்னொரு நாட்டுக்கு. பிரிந்து போகிறவர்களை ஏற்றிக்கொண்டு தலைமன்னாருக்குப் போன ரயிலை எங்கள் ஆட்கள் ‘அழுகைக் கோச்சி’ என்பார்கள். அம்மா அந்தக் கோச்சியின் சன்னலிலிருந்து அக்காவைப் பார்த்தபோது பெரியம்மா கையில் ஆறு மாதக் குழந்தை. 1983 கலவரத்தோடு கடிதம் நின்றது. மறு ஆண்டு கப்பலும் நின்றது. 1988ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகுதான் பெரியம்மாவுக்குக் குடியுரிமை கிடைத்தது. அதுவரை காகிதப்படி அவர் எந்த நாட்டுக்காரியும் இல்லை. அம்மாயி 1996இல் கோத்தகிரியில் இறந்தார். மூத்த மகளை அவர் மறுபடி பார்க்கவே இல்லை.

*

துறையூரில் இறங்கி, உப்பிலியபுரம் பக்கம் போகும் பேருந்தில் ஏறித் தாத்தாவின் ஊருக்குப் போனோம். பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெரியவர் கேட்டார்: “யார் வீட்டுக்கு? எந்தத் தெரு?” இந்தக் கேள்விக்கு என்ன பொருள் என்று தமிழ்நாட்டில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அம்மா நேராகச் சொன்னார்: “காலனிக்கு.”

1973இல் இதே ஊரில் அவர்கள் நாலு மாதம் இருந்தார்கள். மண்டபம் முகாமிலிருந்து அட்டையில் எழுதியிருந்த ஊருக்கு அனுப்பப்பட்டவர்கள். அறுபது ஆண்டுக்கு முன் போன தகப்பனின் பிள்ளைகளை அடையாளம் காண யாருமில்லை. தாத்தா முதல் நாள் காலையில் தேநீர்க்கடைக்குப் போனார். அவருக்குத் தனிக்குவளை வந்தது. ஆயுள் முழுக்கத் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டிய மனிதர், குடிக்காமல் வைத்துவிட்டு வந்து, “இங்க இருக்க வேணாம்” என்றாராம். அம்மாயி அதற்குள் இரண்டு வயலில் நடவுக்குப் போயிருந்தார். கொழுந்து பறித்த கைக்கு நாற்று பிடிபடவில்லை. கூலியில் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். இங்கேயும் அரைப்பேர். கடைசியில், முன்பே வந்துவிட்ட தோட்டத்துச் சனங்களைத் தேடி நீலகிரிக்குப் போய் மறுபடியும் தேயிலைக்கே சேர்ந்தார்கள். தாயகம் திரும்பியவர்களுக்கென்று தமிழ்நாடு அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களும் தனியார் தோட்டங்களும் அங்கே அவர்களுக்காகக் காத்திருந்தன.

இப்போது காலனியில் ஒட்டு வீடுகள் குறைவு. பெரும்பாலும் தளம் போட்டவை. தாத்தாவின் பங்காளி முறையில் ஒரு தாத்தா எங்களை வரவேற்று, குலசாமி கோயிலுக்குக் கூட்டிப்போனார். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஆறு தலைமுறையை மூச்சு விடாமல் ஒப்பித்தார். இன்னார் மகன் இன்னார், அவர் மகன் இன்னார். கோயில் நோட்டைக் காட்டினார். தலைக்கட்டுக்கு இவ்வளவு வரி என்று ஆண்டுவாரியாக எழுதியிருந்தது. கல்யாணமான ஓர் ஆண் ஒரு தலைக்கட்டு. நோட்டில் ஒரு பெண் பெயரும் இல்லை.

அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஏன் மாமா, இவங்கள எல்லாம் பெத்தது யாரு?” என்றார்.

அவர் சிரித்தார். “பொண்ணுங்க வேற குலசாமிக்குப் போறவங்க தாயி. அவங்கள எப்பிடிக் கணக்குல எழுதறது?”

தவறாகச் சொல்லவில்லை. நடைமுறையைச் சொன்னார். மகளாக இருக்கும்போது, போகப்போகிறவள் என்பதால் எழுதமாட்டார்கள். மருமகளாக வந்தபின், வெளியிலிருந்து வந்தவள் என்பதால் எழுதமாட்டார்கள். நிலம் இருக்கும் சாதிக்காரர்களுக்குப் பட்டா, கிரயப் பத்திரம், வில்லங்கச் சான்று என்று தாத்தன் பெயரைத் தேட நாலு இடம் உண்டு. பண்ணையாளாக இருந்த எங்கள் சனத்துக்கு அதுவும் இல்லை. கோயில் நோட்டும் ஆட்களின் ஞாபகமும்தான் எங்கள் ஆவணக் காப்பகம். அதிலும் பெண்ணுக்கு இடமில்லை என்றால் அவளை எங்கே போய்த் தேடுவது?

*

எங்களிடம் மூன்று தடயங்கள் இருந்தன. மூன்றும் அம்மாயி தன் ஆத்தாவிடம் கேட்டு, அம்மாவிடம் சொன்னவை.

ஒன்று, அந்த ஊரில் பொழுது பச்சைமலையில் விழும். இரண்டு, ஏரிக்கரையில் ஏழு கன்னிமார் உண்டு. அவர்களுக்குப் பெண்கள்தான் பொங்கல் வைப்பார்கள். மூன்று, பெயர். ‘பெரியக்காள்’ என்பது ஆத்தாவைப் பெற்றவளின் பெயர். அதைத்தான் தனக்கு வைத்தார்கள் என்று அம்மாயி சொல்வார்.

பொழுது மலையில் விழுந்தால் ஊர் மலைக்குக் கிழக்கே இருக்க வேண்டும். தாத்தாவின் ஊர் மலைக்கு மேற்கே. அங்கே சூரியன் மலையிலிருந்து எழும்பும். அட்டை சொன்ன ஊரிலிருந்து மலையின் மறுபக்கத்துக்கு, பெரம்பலூர்ப் பக்கம், போக வேண்டும் என்று ஆயிற்று. அம்மா இதைச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது; பிறகு வெட்கமாகவும் இருந்தது. இத்தனை ஆண்டுகளாக நான் காகிதங்களையே புரட்டிக்கொண்டிருந்தேன். அம்மாயி திசையைச் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார்.

மலையடிவாரத்தில் நாலு ஊர்களில் விசாரித்தோம். ஆண்களிடம் “கண்டிக்குப் போனவங்க யாராச்சும்?” என்று கேட்டால், “பஞ்சம் பொழைக்க நெறையப் பேரு போனாங்க” என்ற பதில் வந்தது. பொய்யில்லை. 1876–78 தாதுவருடப் பஞ்சத்திலும் அதற்குப் பிறகும் திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம் பக்கங்களிலிருந்து கங்காணிகள் பின்னால் போனவர்கள் ஏராளம். முதலில் காப்பித் தோட்டங்களுக்குப் பருவத்துக்குப் போய்த் திரும்பியவர்கள் பெரும்பாலும் ஆண்கள். காப்பி நோயில் அழிந்து தேயிலை வந்தபோதுதான் ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கும் கைகள் தேவைப்பட்டன. பெண்கள் பெருமளவில் போனார்கள். ஆளுக்கு இவ்வளவு என்று கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. பெண்ணுக்கு ஆணைவிடக் குறைந்த கூலி. அந்த வித்தியாசம் இலங்கைத் தோட்டங்களில் 1984 வரை நீடித்தது.

நாலாவது ஊரில் கேள்வியை மாற்றினோம். “இந்த ஊர்ல பெரியக்காள்னு யாராச்சும் இருக்காங்களா?” என்று கேட்டார் அம்மா. களை எடுத்துவிட்டு வந்த பெண்கள் சிரித்துக்கொண்டே மூன்று வீடுகளைக் காட்டினார்கள்.

மூன்றாவது வீட்டுத் திண்ணையில் எண்பதைத் தாண்டிய ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார். தன் அப்பாவைப் பெற்ற அப்பாயியின் பெயரைத் தனக்கு வைத்ததாகச் சொன்னார். அம்மா தயங்கித் தயங்கிக் கண்டியைப் பற்றிக் கேட்டார். பாட்டி உடனே பேசவில்லை. உள்ளே இருந்த மருமகள் வெளியே போகட்டும் என்று காத்திருந்ததுபோல இருந்தது.

“எங்கப்பனுக்கு ஒரு அக்கா இருந்துச்சாம். நாம் பொறக்கறதுக்கு முன்னாடியே போயிருச்சு. புருஷன் அடிக்கிறான்னு ரெண்டு தடவ ஓடியாந்துச்சாம். ரெண்டு தடவயும் அண்ணங்காரன் கூட்டிட்டுப்போயி விட்டுட்டு வந்துட்டான். மூணாந் தடவ ஊட்டுக்கு வரல. கங்காணி கூட்டத்தோட போயிருச்சு. எங்கப்பாயி சாகற வரைக்கும் ஆடிக்கு ஆடி கன்னிமாருக்கு ஒரு சீல தனியா எடுத்து வெப்பாங்களாம்.”

“அவங்க பேரு என்ன பாட்டி?”

“தெரியலியே தாயி. கண்டிக்காரின்னுதான் சொல்லுவாங்க. ஊட்ட உட்டு ஓடிப்போனவ பேர எதுக்கு வாயால சொல்லணும்னு ஆம்பளைங்க சொல்லமாட்டாங்க.”

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். தோட்டத்தில் அம்மாயியும் தன் தாயை ‘ஆத்தா’ என்று மட்டுமே சொல்வார். பெயர் சொல்லி நாங்கள் கேட்டதில்லை.

*

நான் வரலாறு படித்தவள். அதனால் எச்சரிக்கையாகச் சொல்கிறேன்: அந்தக் கண்டிக்காரிதான் எங்கள் கொள்ளுப்பாட்டி என்று என்னால் மெய்ப்பிக்க முடியாது. அந்த வட்டாரத்தில் பெரியக்காள் என்ற பெயர் நிறைய உண்டு. ஏரிக்கரைக் கன்னிமாரும் பல ஊர்களில் உண்டு. ஆனால் மலையும் கன்னிமாரும் பெயரும் காலமும் ஓரிடத்தில் சேர்ந்து நிற்கின்றன. அம்மாயி பிறந்தது 1925 வாக்கில். கண்டிக்காரி போனது அதற்குச் சில ஆண்டுகள் முன்பாக இருக்கலாம். பிள்ளைக்குத் தகப்பன் வழியில் பெயர் வைப்பதே வழக்கம் என்றிருந்த காலத்தில், கடலைத் தாண்டிப் போன ஒருத்தி தன் மகளுக்குத் தன் தாயின் பெயரை வைத்திருக்கிறாள். இங்கே அவள் தம்பி, ஊர் வழக்கப்படி தன் மகளுக்கு அதே தாயின் பெயரை வைத்திருக்கிறான். ஒரே பெயர் இரண்டு நாட்டில் வளர்ந்திருக்கிறது. அப்படித்தான் நான் நம்புகிறேன்.

மெய்ப்பிக்க முடியாவிட்டாலும் அந்தத் திண்ணை எனக்கு ஒன்றைக் கற்றுக்கொடுத்தது. ‘பஞ்சம் பிழைக்கப் போனார்கள்’ என்ற வாக்கியம் எங்கள் புலம்பெயர்வின் வரலாறாக இருந்துவந்திருக்கிறது. அதில் பசி இருக்கிறது, சாதி இருக்கிறது, கங்காணியின் ஆசைவார்த்தை இருக்கிறது. புருஷனின் அடி இல்லை. திருப்பித் திருப்பிக் கொண்டுபோய் விட்ட அண்ணன் இல்லை. ஒரு பெண்ணுக்குப் பிறந்த வீடும் புகுந்த வீடும் கதவைச் சாத்தியபோது, கொடுமைக்குப் பெயர்போன தேயிலைத் தோட்டம்தான் ஒரு திறந்த கதவாக இருந்திருக்கிறது. அந்தக் கதவு அவரை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை நான் அழகாக்கிச் சொல்லமாட்டேன். லயத்துக் காம்பராவில் பத்துக்குப் பத்தடியில், குறைந்த கூலியில், அட்டைக்கடியில் அவர் வாழ்ந்திருப்பார். ஆனாலும் அவர் போனது அவருடைய முடிவு. எங்கள் குடும்பத்தில் எந்த அரசும் எந்தப் புருஷனும் சொல்லாமல் ஒரு பெண் கடல் கடந்தது அந்த ஒரு முறைதான்.

மண்டபம் முகாம், பாம்பன் பாலம், தனுஷ்கோடி, கப்பல் என்று அவர் போன வழியை என்னால் ஊகிக்க முடிகிறது. 1914இல் பாலம் வந்தபின் அதுதான் வழி. அவரை ஏற்றிவிட்ட தனுஷ்கோடித் துறையை 1964 டிசம்பர் புயல் அடித்துக்கொண்டு போனது. மகள் திரும்பி வந்தபோது கப்பல் இராமேஸ்வரத்தில் நின்றது. தாய் ஏறிய துறை அப்போது இல்லை.

*

அன்று மாலை ஏரிக்கரைக்குப் போனோம். ஏழு கற்கள், எண்ணெய்ப் பிசுக்கு, காய்ந்த கதம்பம். அம்மா பையிலிருந்து செம்பை எடுத்தார். அதைக் கொண்டுவந்தது எனக்கே அப்போதுதான் தெரியும். பாட்டி அதை வாங்கி, கழுத்தில் இருந்த புள்ளிகளை விரலால் தடவி, “என்ன எழுதியிருக்கு?” என்றார். “உங்க பேருதான்” என்றார் அம்மா. பாட்டி மறுபடியும் தடவிப் பார்த்தார். தன் பெயர் எழுத்தில் எப்படி இருக்கும் என்று அவர் அதுவரை பார்த்ததில்லை.

அங்கிருந்தே பெரியம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் கூப்பிட்டோம். அட்டன் பக்கத்திலிருந்து எழுபத்து நாலு வயது முகம் திரையில் வந்தது. நான் ஊரைக் காட்டினேன், கன்னிமாரைக் காட்டினேன். பெரியம்மா எதையும் பார்க்கவில்லை. “மலையக் காட்டு. பொழுது அதுலதான் விழுதா?” என்று கேட்டார். போனைத் திருப்பினேன். பொழுது விழுந்து முடியும்வரை யாரும் பேசவில்லை. அம்மாயி இரண்டு மகள்களிடமும் ஒரே கதையைத்தான் சொல்லியிருக்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு தாளில் வம்சாவளி வரைந்தேன். தாத்தா வழியில் ஆறு தலைமுறை ஆண்கள், இடைவெளியின்றி. அதன் பக்கத்தில் பெண்வழி: மேலே பெரியக்காள். அதன் கீழே ஒரு கட்டம். அதற்கும் கீழே பெரியக்காள், பிறகு பெரியம்மா, அம்மா, நான், என் மகள்.

நடுவில் இருக்கும் கட்டத்தில் ‘கண்டிக்காரி’ என்று எழுதலாமா என்று கேட்டேன். அம்மா வேண்டாம் என்றார். “அது அவங்க வெச்ச பேரு. அவளோட பேரு கிடைக்கிற வரைக்கும் வெறுமனே இருக்கட்டும்.”

வெறுமனேதான் இருக்கிறது. இதைப் படிக்கிற பெண்களிடமும் மாணவிகளிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் வீட்டுப் பரணில் இருக்கும் பாத்திரங்களைக் கீழே இறக்கிக் கழுத்தைப் பாருங்கள். சீர் வரிசையில் வந்த குடத்திலும் செம்பிலும் ஒரு பெண்ணின் பெயர் இருக்கும். பழசுக்குப் போட்டுப் புதுசு வாங்குவதற்கு முன், அது யாருடைய பெயர் என்று வீட்டில் மூத்தவளிடம் கேட்டு எழுதிவையுங்கள். அவருக்குப் பிறகு கேட்பதற்கு ஆள் இருக்காது.